வீட்டுத் தோட்டத்திற் பூசணி: வளர்த்தலும் அறுத்தலும் பயன்கொள்ளலும்

கீரை பறித்த மாலையே வாடும். கத்தரியும் வெண்டியும் மூன்றாம் நாளிற் சுருங்கும். பூசணியோ, நன்கு முற்றியபின் காம்போடு அறுக்கப்படின், குளிரூட்டியின் உதவியின்றியே இரண்டு மூன்று மாதங்கள் வீட்டின் ஒரு மூலையிற் கெடாது இருக்கும். சந்தைக்குப் போக இயலாத நாளிலும், கையிற் பணமில்லாத நாளிலும் அது குடும்பத்தின் உலையைக் காக்கும். ஆயினும் நம் நாட்டில் அறுக்கப்படும் பூசணிகளுட் பல இவ்வளவு காலம் இருப்பதில்லை. முற்றுமுன் அறுப்பதும் காம்பை முறித்தெறிவதுமே இதற்குப் பெருங் காரணங்களாம். பூசணியை விதைக்கும் முறையோடு, அதனைக் காத்திருக்கவல்ல காயாக ஆக்கும் முறையையும் இத்துண்டுப் பிரசுரம் எடுத்துரைக்கின்றது.

நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் நமக்குக் கொழும்பு நகர வீட்டுத் தோட்டத்தைப் பற்றிக் கூறுவானேன் என நீங்கள் வினவலாம். உங்கள் பிள்ளைகளும் உறவினரும் பலர் இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்கின்றனர்; அவர்களுக்குச் சிறு முற்றமோ மொட்டைமாடியோ உண்டு; விதையையும் அறிவுரையையும் அவர்கள் உங்களிடமே கேட்பர். அன்றியும், நூறு கொடி படரும் தோட்டத்திற் கண்ணுக்குப் புலப்படாத குறைகள், இரண்டே கொடி உள்ள முற்றத்தில் தெளிவாகத் தெரியும். அங்கே ஒவ்வொரு பூவும் எண்ணப்படும். ஒவ்வொரு பிஞ்சும் கவனிக்கப்படும். அம்முற்றத்திற் கற்கும் பாடம் உங்கள் வயலுக்கும் பொருந்தும்.

இடர்க்காலமும் வீட்டுத் தோட்டமும்

நகரம் உணவுக்குப் பிறரை நம்பியிருப்பது. 1942ஆம் ஆண்டிற் போரினால் பர்மா அரிசி வருதல் தடைப்பட்டபோது இந்நாட்டு மக்கள் கிழங்கையும் காய்கறியையும் நாட நேர்ந்தது. 2020 மார்ச்சு மாதத்திற் கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரிற் கொட்டாஞ்சேனையும் அதன் அயற் பகுதிகளும் மீண்டும் தனிமைப்படுத்தப்பட்டன. கடை மூடியிருந்த அந்நாட்களில் வீட்டில் ஒரு முழுப் பூசணி இருப்பது எத்துணை ஆறுதல் என்பதை அங்கு வாழ்ந்தோர் அறிவர்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அதனால் நெற்செய்கைக்கு நேர்ந்த இழப்பை உங்களுக்கு நாம் கூறவேண்டியதில்லை. அடுத்த ஆண்டு நாணய நெருக்கடியும் எரிபொருட் பற்றாக்குறையும் வந்தபோது, 2022 யூன் மாதத்தில், அரச ஊழியர் வீட்டுத் தோட்டம் செய்யும்பொருட்டு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. அக்காலத்திற் பலர் முதன்முதலாக மண்வெட்டியைக் கையிலெடுத்தனர். அவர்களுட் பலருக்குப் பூசணிக் கொடி கைகொடுத்தது. சிலருக்கு இலையும் பூவுமன்றி வேறொன்றும் கிட்டவில்லை. இவ்வேறுபாட்டின் காரணங்களைக் கீழே காண்போம்.

பூசணியின் இயல்பு

இங்குக் கூறப்படுவது மஞ்சட் சதையுடைய கறிப் பூசணியாகும். சிங்களத்தில் இது வட்டக்கா எனப்படும். தமிழ்நாட்டிற் பரங்கிக்காய் என்பர். அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, கடல்கடந்து நம்மிடம் வந்த பயிர் என்பதை அப்பெயரே நினைவூட்டுகின்றது. வெண்பொடி பூத்த நீற்றுப்பூசணி இதனின் வேறானது.

பூசணி வெயிலை விரும்பும். நாளொன்றுக்கு ஆறு மணிநேரமேனும் நேர்வெயில் வேண்டும். வேரில் ஈரம் வேண்டும். ஆயின் நீர் தேங்குதலைப் பொறாது. ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கும். இவ்வியல்பை அறியாமையே பலருடைய ஏமாற்றத்துக்குக் காரணம்.

திணைக்களத்தாற் சிபாரிசு செய்யப்பட்ட ருகுணு, மீமினி ஆகிய இனங்கள் நம் நாட்டுக்கு ஏற்றவை. கலப்பின விதைகளும் கடைகளிற் கிடைக்கும். அவை நன்கு காய்க்கும். எனினும் கலப்பினக் காயின் விதையை மீண்டும் விதைத்தால், தாயைப் போன்ற கொடி கிடைக்கும் என எதிர்பார்த்தலாகாது.

பருவம்

கொழும்பில் இரு காலங்களில் மழை மிகும். மே முதலாகத் தென்மேற்குப் பருவமழையும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடைப்பருவ மழையும் பெய்யும். பூக்கும் காலத்திற் பெருமழை பெய்தால் மகரந்தம் நனைந்து கெடும். காய் முற்றும் காலத்திற் பெய்தால் காய் அழுகும். ஆதலால் விதைக்கும் நாளை மழையைக் கொண்டன்றி, பூக்கும் நாளைக் கொண்டு கணித்தல் வேண்டும்.

நவம்பர் இறுதியிலோ திசம்பர்த் தொடக்கத்திலோ விதைப்பின், தை மாதத்திற் பூக்கும். மாசி, பங்குனியில் முற்றும். கொழும்பில் மழை குறைந்த காலம் அதுவே. அக்காய்கள் சித்திரைப் புத்தாண்டைக் கடந்தும் வீட்டில் இருக்கும். வெள்ளவத்தையிற் கடலோரம் வாழ்வோருக்கு இப்பருவம் இன்னுமொரு நன்மை தரும். தென்மேற்குப் பருவத்திற் காற்றுக் கடலிலிருந்து வீசி, உப்புத் துளிகளால் இலையைக் கருக்கும். தை, மாசியிற் காற்றுப் பெரும்பாலும் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அத்தொல்லை குறைவு.

உலர் வலயத்துக் கமக்காரர், சிறுபோகத்தில் நெல்லுக்குப் போதிய நீர் இல்லாத வயல்களிற் பூசணியைச் செய்யலாம். நெல்லினும் மிகக் குறைந்த நீரே இதற்குப் போதும்.

மண்ணும் குழியும்

வெள்ளவத்தையின் கரையோர மண் மணற்பாங்கானது. நீரையும் பசளையையும் தாங்கி வைக்காது. இதற்குக் கூட்டெருவை மிகுதியாக இடுதல் வேண்டும். கொட்டாஞ்சேனையின் பழைய வளவுகளிற் செங்கற்றுண்டும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்திருத்தல் பெரும்பான்மை. அங்கே குழியிலுள்ள சிதைவுகளை அகற்றி, வேறிடத்து நன்மண்ணால் நிரப்புதல் நன்று. வடிகானிலிருந்து வாரிய சேற்றை ஒருபோதும் இடற்க.

ஒன்றரை அடி நீளமும் அகலமும், ஓரடி ஆழமும் உடைய குழி வெட்டுக. மேல்மண்ணோடு நன்கு மக்கிய கூட்டெரு அல்லது மாட்டெரு இரண்டு கூடை கலந்து நிரப்புக. நிரப்பிய குழி நிலமட்டத்துக்கு நாலங்குலம் உயர்ந்து மேடாக இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒரு மழையில் நீர் தேங்கிக் கழுத்தழுகல் தோன்றும். இரு குழிகளுக்கிடையே எட்டடி இடைவெளி விடுக. நிரப்பி ஒரு வாரத்தின்பின் விதைக்கலாம்.

நிலமில்லாதோர் பெரிய சாக்கிலோ, அடியில் துளையிட்ட பீப்பாயிலோ வளர்க்கலாம். நாற்பது இலீற்றரிலும் குறைந்த கொள்கலம் போதாது. மொட்டைமாடியிற் பாரமான கலங்களை நடுவிற் குவியாது, சுவரோரமாக வைத்தல் பாதுகாப்பானது. கலத்தின் கீழ்த் தட்டு வைத்தலை முற்றாகத் தவிர்க்க. தேங்கிய நீரிற் டெங்கு நுளம்பு பெருகும். 2017ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். உணவுக்காக வைத்த செடி, வீட்டாருக்கு நோய்க்காரணமாதல் தகாது.

விதைத்தலும் கொடியை நடத்தலும்

விதையை ஓரிரவு நீரில் ஊறவிடுக. குழிக்கு நான்கு விதைகளை ஓரங்குல ஆழத்தில் ஊன்றுக. ஐந்தாறு நாட்களில் முளை தோன்றும். முளையிலைக்குமேல் இரண்டு மெய்யிலைகள் விரிந்ததும் வலிய நாற்றுகள் இரண்டை நிறுத்தி, ஏனையவற்றை அடியில் நறுக்கி அகற்றுக. பிடுங்கினால் நிற்கும் நாற்றின் வேரும் அசையும்.

முதல் மூன்று வாரம் நாற்றைக் காத்தலே முதற் கடமை. செவ்வண்டு இளவிலைகளை வட்டவட்டமாகத் தின்னும். பழைய நுளம்பு வலைத் துண்டாற் குழியை மூடி வைக்கலாம். காலைப் பனியில் வண்டு மந்தமாக இருக்கும்; அப்போது கையாற் பிடித்துச் சவர்க்கார நீரில் இடுக. கொழும்பு வளவுகளிற் பெரிய ஆபிரிக்க நத்தையும் ஒரே இரவில் நாற்றை முடித்துவிடும். மாலையில் விளக்குடன் சென்று, கையுறை அணிந்து பொறுக்கி அழித்தல் வேண்டும்.

முதற்கொடியில் எட்டுப் பத்து இலைகள் வந்தபின் நுனியைக் கிள்ளிவிடுக. பக்கக் கொடிகள் கிளைக்கும். பெண் பூக்கள் அவற்றில் மிகுதியாகத் தோன்றும். இடம் குறைந்த முற்றத்திற் கொடியைப் பந்தலிலோ மதிலிலோ ஏற்றலாம். ஆயின் பெருங்காயை மெல்லிய கொடி நெடுநாள் தாங்காது. பழைய வலையாலோ சீலைத் துண்டாலோ தூளி கட்டிக் காயைத் தாங்குக.

மூன்றாம் வாரத்திலும் பூக்கும் தறுவாயிலும் குழிக்கு ஒரு கூடை கூட்டெரு இடுக. யூரியாவை மிகுதியாக இட்டால் நைதரசன் மிகுந்து இலை தழைக்கும், காய் குறையும். கொடி கரும்பச்சையாகச் செழித்தும் காய் பிடிக்கவில்லையெனின், மேலும் பசளை இடுதல் தவறு. நீரைக் காலையில் வேரடியில் ஊற்றுக. இலைமேல் மாலையில் நீர் தெளித்தால் பூஞ்சண நோய்கள் பெருகும்.

பூவும் பிஞ்சும்

2022ஆம் ஆண்டில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். பின்மதில் முழுவதும் பூசணி படர்ந்திருந்தது. வீட்டுத் தலைவியார் கையிற் கத்தியோடு நின்றார்.

"தம்பி, இரண்டு மாதமாகப் பூக்கிறது. ஒரு காயுமில்லை. இது மலட்டுக் கொடி. அயலவர் கண்ணூறு என்கிறார்கள். இன்றைக்கு வெட்டப் போகிறேன்" என்றார்.

"அம்மா, நாளைக் காலை ஏழு மணிவரை பொறுங்கள். பிறகு வெட்டுவதா, வளர்ப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றேன்.

மறுநாட் காலை சென்றபோது மதிலில் ஒன்பது பூக்கள் விரிந்திருந்தன. எட்டு ஆண் பூக்கள். ஒன்று பெண் பூ. அப்பெண் பூவின் அடியில் நெல்லிக்காயளவு பிஞ்சு இருந்தது. இத்தகைய பிஞ்சுகள் முன்னரும் தோன்றி மஞ்சளித்து உதிர்ந்ததை அவர் கண்டிருந்தார், காரணத்தை அறிந்திருக்கவில்லை. மூன்று புறமும் மாடிக் கட்டிடங்கள் சூழ்ந்த அம்முற்றத்துக்குத் தேனீக்கள் வருவது அரிதாயிருந்தது. ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுமுடியில் மெல்லத் தடவும்படி கூறினேன். அவரே செய்தார். ஒரு வாரத்திற் பிஞ்சு தேசிக்காயைக் கடந்து வளர்ந்தது. கத்தி சமையலறைக்குத் திரும்பிற்று.

இதனை நீங்களும் செய்யலாம். பின்வருவனவற்றை நினைவிற் கொள்க.

முதலில் ஆண் பூக்களே தோன்றும். விதைத்து ஐந்தாறு வாரங்களில் அவை வரும். பெண் பூக்கள் ஒன்றிரண்டு வாரம் பிந்தியே வரும். அதுவரை பூ உதிர்வது இயல்பு. நீண்ட மெல்லிய காம்புடையது ஆண் பூ. அடியிற் சிறு பிஞ்சுடையது பெண் பூ.

பூ விடியலில் விரிந்து முற்பகலிலேயே குவிந்துவிடும். பெண் பூ அன்றொரு நாளே மகரந்தத்தை ஏற்கும். ஆதலால் காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையிற் கையால் மகரந்தம் சேர்த்தல் நன்று. ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். மழை வருமெனத் தோன்றின், முந்திய மாலையே மறுநாள் விரியவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளின் நுனியை நூலாற் கட்டிவைத்து, காலையில் அவிழ்த்துத் தடவி, பெண் பூவை மீண்டும் கட்டிவிடுக.

வயற் கமக்காரர் இதிலிருந்து அறியவேண்டியது ஒன்றுண்டு. ஏக்கர்க் கணக்கிற் கையால் மகரந்தம் சேர்க்க இயலாது. அவ்வேலையைத் தேனீயே கூலியின்றிச் செய்கின்றது. காலையிற் பூச்சிநாசினி விசிறினால், பூவில் அமர்ந்த தேனீ மடியும்; பிஞ்சு உதிரும்; நீங்கள் நோயென எண்ணி மீண்டும் விசிறுவீர்கள். மருந்து விசிறியே ஆகவேண்டுமெனின், பூக்கள் குவிந்தபின் மாலையில் விசிறுக.

பழ ஈ

பிஞ்சு பிடித்தபின் அதன் பெரும் பகை பழ ஈயாகும். தோல் மென்மையாக உள்ளபோது ஈ துளையிட்டு முட்டையிடும். புழு உள்ளிருந்து தின்னும்; பிஞ்சு வளைந்து, பிசின் வடிந்து அழுகும். வெளியே தெரியும்போது மருந்தாற் பயனில்லை. புழு சதைக்குள் இருக்கின்றது.

வீட்டுத் தோட்டத்துக்கு உறையிடுதலே சிறந்த முறை. மகரந்தம் சேர்த்து இதழ் வாடியதும், பிஞ்சைப் பழைய துணிப்பையாலோ பத்திரிகைத் தாட் பையாலோ மூடிக் கட்டுக. காய் பெருக்கப் பையை மாற்றுக. தோல் கடினமாகும்வரை, ஏறக்குறைய மூன்று வாரம், உறை இருத்தல் வேண்டும். நனைந்த தாட் பையை உடனே மாற்றுக.

விழுந்த பிஞ்சைக் குப்பை மேட்டில் எறிதல் ஈயை வளர்ப்பதாகும். புழு மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக வெளிவரும். தாக்குண்ட பிஞ்சுகளைக் கறுத்தப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வைக்க. அல்லது இரண்டடி ஆழத்திற் புதைக்க. ஒருவர் மட்டும் செய்தாற் போதாது. அயல் வளவினரும் செய்தாலே ஈ குறையும்.

இலை சுருங்கி மஞ்சளும் பச்சையும் கலந்து தோன்றுவது வைரசு நோயாகும். அதற்கு மருந்தில்லை, கொடியைப் பிடுங்கி அழிக்க. இலைமேல் வெண்மாவு படிந்தாற்போற் தோன்றும் நோய்க்கு, அடியிலுள்ள முதிர்ந்த இலைகளை அகற்றிக் காற்றோட்டம் ஏற்படச் செய்க.

அறுவடை

மகரந்தம் சேர்ந்து ஆறு வாரமளவில் காய் முற்றும். நாட்கணக்கை மட்டும் நம்பற்க. நான்கு அறிகுறிகளைப் பாருங்கள். காம்பு பசுமை மாறித் தக்கை போற் காய்ந்திருத்தல் வேண்டும். நகத்தால் அழுத்தினாற் தோலிற் தடம் பதிதலாகாது. நிலத்திற் பட்ட பக்கம் வெண்மை நீங்கி மஞ்சளாயிருத்தல் வேண்டும். தோலின் மினுக்கம் மறைந்து மங்கலாயிருத்தல் வேண்டும். இந்நான்கும் பொருந்தினால் அறுக்கலாம். காய் நிலத்திற் கிடக்கும் காலத்தில் அதன்கீழ் ஓட்டுத் துண்டோ வைக்கோலோ இட்டுவைத்தல், ஈரத்தால் அழுகாது காக்கும்.

அறுப்பதற்கு ஈரமற்ற நாளைத் தெரிக. கூரிய கத்தியாற் காம்பில் மூன்றங்குலம் விட்டு வெட்டுக. காம்பைப் பிடித்துத் தூக்கலாகாது. காயின் அடியிற் கைகொடுத்துத் தூக்குக.

இதனை நான் பட்டறிந்தே கூறுகின்றேன். பண்ணைப் பாடசாலையில் மாணவனாயிருந்தபோது, ஒரு பாத்திப் பூசணியை அறுக்கும் பணி என்னிடம் வந்தது. அடுக்குவதற்கு இடைஞ்சலாயிருக்கும் என எண்ணி, காம்புகளை எல்லாம் முறித்துவிட்டு, காய்களை ஒழுங்காக அடுக்கினேன். அடுக்கைக் கண்டோர் புகழ்ந்தனர். மூன்றாம் வாரத்தில் அறையில் நாற்றம் எழுந்தது. முறித்த வடுவின் வழியே அழுகல் புகுந்து, பாதிக்கு மேற்பட்ட காய்கள் கெட்டிருந்தன. காம்போடு தப்பித்தவறி விடுபட்ட நாலைந்து காய்கள் மட்டும் பழுதின்றி இருந்தன. காம்பு காயின் கதவு என்பதை அன்று கற்றேன்.

சேமிப்பும் விற்பனையும்

அறுத்த காயைப் பத்து நாள் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்துத் தோலை இறுகவிடுக. கொழும்பின் வெப்பம் அதற்குப் போதியது, ஈரமே பகை. பின்னர், மரப்பலகை மீதோ வைக்கோல் மீதோ, ஒன்றையொன்று தொடாதபடி ஒரே வரிசையாக வைக்க. சீமெந்துத் தரையில் நேரே வைத்தலாகாது. வாரம் ஒரு முறை திருப்பிப் பார்த்து, மெத்தென்றிருப்பதையும் கீறல் உள்ளதையும் முதலிற் சமைக்க. முற்றிய பழுதற்ற காய் இவ்வாறு இரண்டு மூன்று மாதம் இருக்கும்.

கமக்காரர்களே, உங்கள் இலாபமும் நட்டமும் இங்கேயே தீர்மானமாகின்றன. உலர் வலயப் பூசணி ஒரே காலத்தில் விளைந்து, ஒரே வாரத்தில் தம்புள்ளைக்கும் பேலியகொடைச் சந்தைக்கும் குவியும்போது விலை வீழ்கின்றது. இளங்காயை அறுத்தவர் அன்றைய விலைக்கு விற்றே ஆகவேண்டும், அது காத்திராது. முற்றிய காயைக் காம்போடு அறுத்தவர் ஒரு பகுதியைக் கொட்டிலில் வைத்துச் சில வாரம் பொறுக்கலாம். எல்லோரும் எப்போதும் நல்ல விலை பெறுவர் என்று யாம் கூறவில்லை. ஆயின் பொறுக்க இயன்றவருக்கே வியாபாரியோடு பேசும் வலிமை உண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதது போல, இளங்காயின் குறையையும் சந்தையில் மறைக்க முடியாது. லொறியில் ஏற்றும்போது காயை எறியற்க. அடுக்குகளுக்கிடையே வைக்கோல் இடுக. இன்று உட்பட்ட அடி, வாங்குபவர் வீட்டில் நாளை அழுகலாகத் தோன்றும்.

பயன்கொள்ளல்

பூசணிச் சதையிற் பத்தில் ஒன்பது பங்கு நீர். அரிசிக்கு மாற்றாகாது, ஆயின் சோற்றோடு சேருங்கால் உணவைச் சிறப்பிக்கும். அதன் மஞ்சள் நிறம் கரற்றீன் என்னும் பொருளால் ஆயது. அதிலிருந்து உடல் விற்றமின் ஏயை ஆக்கிக்கொள்ளும். கண்ணுக்கும் குழந்தைகளின் வளர்ச்சிக்கும் அது இன்றியமையாதது. கரற்றீன் கொழுப்போடு சேர்ந்தே நன்கு உடலிற் சேரும். நம் பெண்கள் பூசணியைத் தேங்காய்ப் பாலிற் சமைப்பது அறிவுக்கும் பொருத்தமானதே.

பாற்கறிக்கு: அரைக் கிலோ பூசணியைத் தோலோடு துண்டுகளாக்கி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சிறிது வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து இரண்டாம் பாலில் அவிக்க. துண்டு மெத்தென்றானதும் உப்பும் முதற்பாலும் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்குக. சிங்கள அயலவர் செய்யும் முறையும் சுவையானது: தேங்காய்ப்பூவையும் ஒரு பிடி அரிசியையும் கருக வறுத்துக் கடுகோடு அரைத்துக் கறியிற் சேர்ப்பர். அவித்து மசித்த பூசணி, திண்ம உணவு தொடங்கிய குழந்தைக்கும் பல்லில்லாத முதியோருக்கும் ஏற்றது.

காய் வேண்டிய அளவு பிடித்தபின், பக்கக் கொடிகளின் இளநுனிகளை ஒடித்து, நாரை உரித்து, அரிந்து தேங்காய்ப்பூவோடு வறை செய்யலாம். மகரந்தம் சேர்த்தபின் எஞ்சும் ஆண் பூக்களைக் கடலைமாவிற் தோய்த்துப் பொரிக்கலாம். பூச்சிநாசினி விசிறிய கொடியின் இலையையும் பூவையும் உண்ணலாகாது. விதையைக் கழுவி உலர்த்தி வறுத்தால் புரதமும் எண்ணெயும் நிறைந்த சிற்றுண்டியாகும்.

ஒன்றை எச்சரிக்கையாகக் கூறுவோம். பூசணி கசந்தால், சிறிதளவாயினும் உண்ணற்க. அக்கசப்பு வயிற்றுக்கு நஞ்சாகும், சமைத்தாலும் நீங்காது.

வெட்டிய காய் நெடுநாள் இராது. குளிரூட்டி இல்லா வீட்டில் மறுநாளுக்குள் முடித்தல் வேண்டும். பெரிய காயை வெட்டும் நாளில் அயல் வீட்டாருக்கும் ஒரு துண்டு கொடுங்கள். அவர்கள் காய் வெட்டும் நாளில் உங்களுக்கும் வரும்.

விதை எடுத்தல்

கலப்பினமல்லாத நல்ல கொடியில், கையால் மகரந்தம் சேர்த்துக் கட்டிய பூவிலிருந்து வந்த காயை விதைக்கென அடையாளமிடுக. அறுத்தபின் மூன்று வாரம் வைத்து, வெட்டி, விதையைக் கழுவி, நீரில் மிதப்பவற்றை நீக்கி, நிழலில் உலர்த்துக. நன்கு உலர்ந்ததைப் போத்தலில் இட்டு, இனத்தின் பெயரும் நாளும் எழுதிவைக்க.

நினைவிற் கொள்க

1. பூக்கும் காலம் மழையற்றதாக அமையுமாறு விதையுங்கள்.
2. காய் பிடிக்காத கொடியை வெட்டுமுன், காலை ஏழு மணிக்குப் பூவைப் பாருங்கள்.
3. பிஞ்சை உறையிட்டுக் காத்து, விழுந்த பிஞ்சை அழித்துவிடுங்கள்.
4. காம்பு காயும்வரை பொறுங்கள். மூன்றங்குலக் காம்போடு அறுங்கள்.
5. கலத்தின் கீழோ வளவிலோ நீர் தேங்கவிடாதீர்கள்.

ஐயம் நேரின் உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரை அணுகுக. அல்லது திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி ஆலோசனைச் சேவையை நாடுக. கொழும்பிலுள்ள உங்கள் உறவினருக்கு அடுத்த முறை அரிசி அனுப்பும்போது, பத்துப் பூசணி விதைகளையும் ஒரு தாளில் மடித்து அனுப்புங்கள். இப்பிரசுரத்தையும் உடன் வையுங்கள்.